சுயம்பு என்றொரு வசதியான சொல்

அண்மையில் சிற்றிதழ் ஒன்றில் அமெரிக்கத் தென்மாநில ஓவியர் பில் டிரெய்லரைப் பற்றி நான்கு பக்க அறிமுகக் கட்டுரை வெளிவந்திருந்தது. தமிழில் அவரைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்தாரே என்ற மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினோம். முதல் பத்தியிலேயே 'சுயம்பு' வந்தது. அடுத்த பத்தியில் 'படிக்காத மேதை'. மூன்றாம் பக்கத்தில் 'கள்ளங்கபடமற்ற கிராமத்து மனம்', 'குழந்தையின் கோடுகள்', 'மண்வாசனை'. கடைசிப் பத்தியில், நாம் அஞ்சியபடியே, ஏகலைவனும் வந்து சேர்ந்தான்.

கட்டுரையாளரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் உழைத்துப் படித்து எழுதியிருக்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை. இது தனியொருவரின் பிழையுமன்று. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவர் கலைஞராகிவிட்டால் அவரைப் பாராட்டுவதற்கென்று நம்மிடம் ஒரு சொற்பெட்டி தயாராக இருக்கிறது. அதைத் திறந்து கையில் அகப்பட்டதை எடுத்துச் சூட்டிவிட்டு நம் கடமை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சொற்பெட்டியோடுதான் நம் வழக்கு.

டிரெய்லர் ஏறத்தாழ 1853ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தின் டாலஸ் கவுண்டியில், ஒரு பருத்தித் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். 'ஏறத்தாழ' என்று எழுத நேர்வதிலேயே பாதிக் கதை இருக்கிறது. ஓர் அடிமைக் குழந்தையின் பிறப்பு, உடைமையாளரின் சொத்துக் கணக்கில் ஒரு வரியாக இருந்த காலம் அது. அவருடைய தந்தையின் பெயர் பில் கேலவே, தாய் சாலி. டிரெய்லர் என்பது அவர்களை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தின் பெயர். தன் பெயரின் பின்பாதிகூடத் தன்னுடையதாக இல்லாத ஒருவரைச் 'சுயம்பு' என்று அழைக்க நமக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1865இல் விடுதலை வந்தபோது அவருக்கு வயது 12 இருக்கலாம். அதன் பிறகும் அவர் எங்கும் போய்விடவில்லை. பக்கத்து லவுண்ட்ஸ் கவுண்டியில் பென்டன் என்ற ஊரையொட்டி, அதே குடும்பத்தின் நிலத்திலேயே கூலியாகவும் வாரத்துக்கு உழுபவராகவும் 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1910ஐ ஒட்டி மாண்ட்கமரி நகரின் புறத்தே பெயர்ந்தார். 1920களின் இறுதியில் நகருக்குள் வந்தார். செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் கொஞ்சகாலம் வேலை பார்த்தார். மூட்டுவாதம் அதையும் பறித்தது. கறுப்பர்களின் கடைகள் நிறைந்த மன்றோ தெருவில் பகலெல்லாம் ஒரு பெட்டியின் மேல் அமர்ந்திருப்பார். இரவில் இறுதிச்சடங்கு நிலையம் ஒன்றின் பின்கட்டில் படுத்துக்கொள்வார். 1939இல், 85 வயதைக் கடந்தவராக, தூக்கியெறியப்பட்ட அட்டைகளில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்த அவரைச் சார்லஸ் ஷானன் என்ற இளம் வெள்ளை ஓவியர் பார்த்தார். இன்று எஞ்சியிருக்கும் 1,000க்கும் மேற்பட்ட ஓவியங்களும் அநேகமாக 1939க்கும் 1942க்கும் இடைப்பட்டவை.

இனி அந்தப் 'படிக்காத' என்ற சொல்லுக்கு வருவோம். 1832ஆம் ஆண்டில் அலபாமா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அடிமைக்கோ விடுதலை பெற்ற கறுப்பருக்கோ எழுத்துக்கூட்டவும் படிக்கவும் எழுதவும் கற்பிக்க முயல்பவருக்கு 250 டாலருக்குக் குறையாமலும் 500 டாலருக்கு மிகாமலும் அபராதம். டிரெய்லர் பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே அவர் படிக்கக் கூடாது என்று முடிவாகிவிட்டது. விடுதலைக்குப் பின் பள்ளிகள் வந்தன என்பது உண்மை; ஆனால், பருத்தி எடுக்கும் பருவத்தில் வாரத்துக்கு உழுபவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி ஏது? ஆகவே அவர் 'படிக்காதவர்' அல்லர், படிக்க விடப்படாதவர். தமிழில் செயப்பாட்டு வினை எதற்கு இருக்கிறது என்று இலக்கண வகுப்பில் மணிக்கணக்கில் விளக்கும் நாம், அது மிகவும் தேவைப்படும் இடத்தில் அதைக் கைவிட்டுவிடுகிறோம்.

பிறரைக் குற்றம் சொல்லுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பு ஒன்றில், பாடத்துக்குச் சற்று வெளியே போய், டிரெய்லரின் ஓவியப் படிகள் சிலவற்றை மாணவர்களிடம் காட்டினோம். 'எவரிடமும் கற்காத சுயம்பு' என்று நாமும்தான் மொழிந்தோம். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க அப்பத்தாவும் கைநாட்டுதான் ஐயா. கோலம் போட்டா தெருவே நின்னு பாக்கும். அவங்களும் சுயம்பா ஐயா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறோம். அவள் சிரிக்கவில்லை. "அப்பத்தாவுக்கு அவங்க அம்மா சொல்லிக்குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துக்குத்தான் யாரும் அனுப்பல" என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டாள். 20 ஆண்டுகளாக நாம் வகுப்பில் பேசியதைக் காட்டிலும் அந்த இரண்டு வாக்கியங்களில் விமரிசனம் அதிகம் இருந்தது.

'எவரிடமும் கற்காத' என்பது முழுப் பொய். 70 ஆண்டுக்கால வயல்வேலை ஒரு பயிற்சி இல்லையா? டிரெய்லரின் கோவேறு கழுதைகளைப் பாருங்கள். கழுத்து தாழும் கோணம், காது விடைக்கும் விதம், பின்னங்கால் பதியும் இடம். ஏரில் பூட்டி அதன் பின்னால் ஆயிரக்கணக்கான நாட்கள் நடந்தவருக்கே அந்தப் பக்கவாட்டுத் தோற்றம் இவ்வளவு துல்லியமாக வசப்படும். ஒரு குச்சியை வைத்து நேர்கோடு இழுப்பார். உடலைச் சதுரமும் முக்கோணமுமாக முதலில் கட்டுவார். பிறகுதான் கைகால்களும் தொப்பியும் குடையும் புகைக்குழாயும் வந்து சேரும். இது கட்டடம் கட்டுபவரின் ஒழுங்கு. ஷானன் புதிய வெள்ளை அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தபோதும் கறையும் மடிப்பும் ஓரக்கிழிசலும் உள்ள பழைய அட்டைகளையே அவர் விரும்பினார் என்று ஷானனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அட்டையின் கோணலுக்கேற்ப உருவம் வளைகிறது. ஒரு கறை இருந்தால் அதைச் சுற்றி மனிதன் நிற்கிறான். இதைத் தேர்வு என்று சொல்லாமல் 'குழந்தைத்தனம்' என்று சொல்வது, பார்க்க மறுப்பவரின் சோம்பல்.

அடுத்து, அந்தக் 'கிராமத்துக் குழந்தைப்பருவ இன்பம்'. நமக்குக் கிராமம் என்றவுடன் கண்மாயும் ஆலமரமும் பாட்டி சுட்ட பணியாரமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நகரத்தில் அமர்ந்து அவற்றை எண்ணிக் கண்ணீர் மல்குவது ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. அந்தக் கண்ணாடியை அப்படியே அலபாமாவுக்கும் எடுத்துச் செல்கிறோம். (பருத்தி நமக்கும் அந்நியமானதன்று. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குப் போவது தடைபட்டபோது நெல்லைச் சீமைக் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. சிறுவன் டிரெய்லரின் நாட்டில் நடந்த போர், தூத்துக்குடியில் பொதி ஏற்றியவர்களின் கூலியையும் தொட்டிருக்கக்கூடும். இந்த ஒரு நூலையாவது பிடித்துக்கொண்டு அவரை அணுகியிருக்கலாம். நாமோ பணியாரத்தைப் பிடித்துக்கொண்டோம்.)

டிரெய்லரின் கிராமத்தில் என்ன நடக்கிறது? மனிதர்கள் ஓடுகிறார்கள். ஒருவன் கையில் கோடரி, ஒருவன் கையில் தடி, ஒருவன் கையில் துப்பாக்கி. நாய்கள் பல்லைக் காட்டுகின்றன. கூரைமேல் ஒருவன், ஏணியில் ஒருவன், புட்டியோடு தள்ளாடுபவன் ஒருவன். தரை என்று ஒன்று பெரும்பாலும் வரையப்படுவதே இல்லை. உருவங்கள் வெற்று அட்டையில் தொங்குகின்றன. மரத்தின் மேல் ஓர் உருவம், கீழே அண்ணாந்து குரைக்கும் நாய் என்றொரு காட்சியும் அவரிடம் உண்டு. மன்றோ தெரு வழியே போன வெள்ளைக்காரருக்கு அது தென்மாநில ராக்கூன் வேட்டையாகத் தெரிந்திருக்கலாம். தப்பியோடிய அடிமைகளை மோப்ப நாய்களை ஏவி மரமேற்றிப் பிடித்த காலத்தைப் பெற்றோர் வாயால் கேட்ட கறுப்பருக்கு அது வேறாகத் தெரிந்திருக்கும். இரண்டில் எது என்று டிரெய்லர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. 1939இன் மாண்ட்கமரி அது. நடைபாதையில், எல்லோரும் பார்க்க, ஒரு கறுப்பு முதியவர் அமர்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியாகக் கறுப்பர்களின் வாக்குரிமையை அலபாமா ஏறக்குறைய முழுமையாகப் பறித்துவிட்டிருந்தது. அவருடைய மகன் ஒருவரை 1929இல் பர்மிங்ஹாம் நகரக் காவலர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இந்த நிலையில் உள்ள ஒருவர் தாம் வரைவதை இரட்டுற மொழிவதற்குக் காரணம் 'வெள்ளந்தி' மனமா?

தமிழ் படித்தவர்களிடம் ஒரு கேள்வி. குறிஞ்சிப் பாட்டொன்றில் மந்தி பலாச்சுளையைத் தின்றுவிட்டால், உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் உரையாசிரியர்களைத் துணைக்கழைத்து மூன்று பக்கம் எழுதுகிறோம். அதைச் செய்ய வேண்டியதுதான். ஆனால் அலபாமாக் கிழவர் நாயையும் மரத்தையும் வரைந்தால் மட்டும் 'எளிய கிராமியக் காட்சி' என்று ஒரே வரியில் கடையைக் கட்டிவிடுகிறோம். சொல்லாமல் சொல்லும் கலையைத் தொல்காப்பியத்திலிருந்து பாடம் நடத்துகிறவர்களுக்கு, உயிரச்சத்தால் சொல்லாமல் சொன்னவரின் கலை கண்ணில் படாமல் போவானேன்? அவருக்குப் பட்டம் இல்லாததாலா?

இந்தக் குருட்டுத்தனம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1945 முதல் மனநோயாளிகள், சிறைக்கைதிகள் முதலானோரின் ஓவியங்களைத் திரட்டிய பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே, அவற்றுக்கு 'ஆர்ட் ப்ரூ' (பண்படாக் கலை என்று தமிழாக்கலாம்) என்று பெயர் சூட்டினார். 1972இல் ரோஜர் கார்டினல் அதற்கு ஆங்கிலத்தில் 'அவுட்சைடர் ஆர்ட்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆயினும், எதற்கு வெளியே? யாருடைய வாசலுக்கு வெளியே? மன்றோ தெருவில் டிரெய்லர் வெளியாள் அல்லர், தெருவின் நடுநாயகம். அங்கே வெளியாள் ஷானன்தான்.

ஷானனைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அவர் இல்லாவிட்டால் இந்த ஓவியங்கள் அடுப்புக்கோ குப்பைக்கோ போயிருக்கும். வண்ணம் வாங்கித் தந்தார், பேசினார், பாதுகாத்தார். 1940இல் மாண்ட்கமரியில் 'மக்கள் கலைஞர்' என்ற அடைமொழியோடு முதல் கண்காட்சியை அவரும் நண்பர்களும் நடத்தினார்கள். (அந்த அடைமொழி நம் 'சுயம்பு'வைவிட எவ்வளவோ மேல்.) பின்னர் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியக இயக்குநர் ஆல்ஃபிரட் பார் சில ஓவியங்களை வாங்க விரும்பினார், விலை, ஓவியத்துக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர். ஷானன் மறுத்துவிட்டார். அதன் பின் ஓவியங்கள் பல பதிற்றாண்டுகள் அவரிடமே கிடந்தன. டிரெய்லர் வடக்கே பிள்ளைகளின் வீடுகளில் தங்கி, ஒரு காலை இழந்து, மாண்ட்கமரிக்கே திரும்பி, 1949 அக்டோபரில் இறந்தார். பழைய நூல்கள் சில அதையும் 1947 என்று அச்சிட்டு வந்தன.

1982இல் வாஷிங்டனின் கார்கரன் கலைக்கூடத்தில் அமெரிக்கக் கறுப்பர்களின் நாட்டார் கலைக் கண்காட்சி நடந்தது. அதற்குப் பிறகே டிரெய்லரின் பெயர் பரவியது, விலையும் ஏறியது. 1992இல் அவருடைய வாரிசுகள் ஷானன் மீது வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்த அவ்வழக்கில் குடும்பத்துக்குக் கிடைத்தவை 12 ஓவியங்கள். 2020 ஜனவரியில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒரே ஓர் ஓவியம் 5,07,000 டாலருக்குப் போயிற்று. அது ஸ்டீவன் ஸ்பீல்பர்க் ஒரு காலத்தில் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கருக்குப் பரிசளித்த ஓவியம்.

இந்த இடத்தில்தான் ஏகலைவனை அழைத்து வந்தவர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. ஏகலைவன் 'தானே கற்றவன்' என்பதோடு கதையை நிறுத்திக்கொள்கிறீர்களே, அவனுக்கு ஏன் கற்பிக்க மறுத்தார்கள் என்பதும், இறுதியில் கட்டைவிரலுக்கு என்ன ஆயிற்று என்பதும் அதே கதையில்தானே வருகின்றன? உவமையை எடுத்தாண்டால் முழுவதும் எடுத்தாள வேண்டும். மேற்சொன்ன தொகைகளையும் ஆண்டுகளையும் வரிசையாக எழுதிவிட்டு அதன்கீழே ஏகலைவன் என்று எழுதியிருந்தால், அந்தக் கட்டுரையாளரை நாம் கைகுலுக்கிப் பாராட்டியிருப்போம்.

டிரெய்லரின் வரலாறு விதிவிலக்கு என்று எண்ணுவோர் லூசியானாவின் கிளமெண்டைன் ஹண்டரைப் பார்க்கலாம். மெல்ரோஸ் தோட்டத்தில் பருத்தி எடுத்து, பின் சமையற்காரியாக இருந்து, நடுவயதைக் கடந்த பிறகு வரையத் தொடங்கியவர். பருத்தி எடுப்பு, பீக்கான் கொட்டை பொறுக்குதல், துணி வெளுக்கும் நாள், ஆற்றில் ஞானஸ்நானம், சாவு ஊர்வலம் என்று ஒரு தோட்டத்தின் முழு வாழ்க்கையையும் வரைந்தார். 1955இல் அருகிலிருந்த நார்த்வெஸ்டர்ன் மாநிலக் கல்லூரியில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வெள்ளையரோடு சேர்ந்து உள்ளே போய்த் தம் ஓவியங்களைத் தாமே பார்க்க அவருக்கு அனுமதியில்லை. கூடம் மூடியிருந்த வேளையில் நண்பர் ஒருவர்தான் அழைத்துச் சென்று காட்டினார். 1986இல் அதே நிறுவனம், அப்போது பல்கலைக்கழகமாகியிருந்தது, அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு 100 வயதை ஒட்டி இருக்கும். நம் சொற்பெட்டிக்காரர்கள் இந்த இரண்டாவது செய்தியை மட்டும் எழுதி, 'கல்லாத மூதாட்டிக்கு முனைவர் பட்டம்' என்று தலைப்பிடுவார்கள்.

நம் ஊரிலும் இதையேதான் செய்தோம். கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்பதை எத்தனை மேடைகளில் எத்தனை பேர் சிலாகித்திருக்கிறார்கள்! அவரே அதை வேடிக்கையாகப் பேசிவந்தார் என்பது வேறு. அது அவருடைய உரிமை. ஆனால் கரிசல் வட்டார வழக்குக்குத் தனியாளாய் நின்று அகராதி தொகுத்தவரை, புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தவரை, 'வெள்ளந்தியான கதைசொல்லி' என்று கொஞ்சுவது எந்த வகை விமரிசனம்? அந்தக் கொஞ்சலுக்குப் பின்னால், அவருடைய உத்தியைப் பற்றி எழுத வேண்டிய பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளும் சாமர்த்தியம் இருக்கிறது. மேதைமையை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டால், கலைஞரின் உழைப்புக்கும் அவருக்குக் கதவடைத்தவர்களுக்கும் ஒருசேரக் கணக்குத் தீர்த்துவிடலாமல்லவா?

'கலையைக் கலையாகப் பார்க்காமல் சமூகவியல் பேசுகிறீர்கள்' என்று மறுப்பு வரும், வந்துகொண்டே இருப்பதுதான். கோட்டையும் கோணத்தையும் அட்டையின் கறையையும் பேசியது நாம். 'மண்வாசனை' என்று நுகர்ந்துவிட்டுப் போனவர் அவர். கலையைக் கலையாகப் பார்த்தவர் யார் என்பதை வாசகர்களே தீர்ப்பிடட்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. அந்தக் கட்டுரையோடு ஓர் ஓவியத்தை அச்சிட்டிருந்தார்கள். மஞ்சளும் நீலமுமான ஒரு வீடு, அதன் மேலும் கீழும் மனிதர்கள், ஒரு நாய். 1939இல் வரையப்பட்டது, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே அருங்காட்சியகம் 2018இல் டிரெய்லருக்கென்று பெருங்கண்காட்சி ஒன்றைத் தொடங்கியது. அந்த ஆண்டில்தான் மாண்ட்கமரியில் அவருடைய கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் நட்டார்கள். 69 ஆண்டுகள் அந்த இடம் பெயரில்லாமல் கிடந்தது. சிற்றிதழில் ஓவியத்தின் கீழே தலைப்பில்லை, ஆண்டில்லை, இருக்குமிடம் இல்லை. சிறிய எழுத்தில் 'நன்றி: இணையம்' என்று மட்டும் இருந்தது. விவரங்களை எழுதி ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறோம். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது வெளியிடுவார் என்று நம்புகிறோம்.